பத்திரம் நம்ம பேர்ல, பட்டா யார் பேர்ல? ஹெட்செட் காலத்து பிளாக்செயின் விளையாட்டுகள்

டிசம்பர் விடுமுறைக்கு ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மைனஸ் பதினான்கு. பேஸ்மென்ட்டில் அக்கா மகனின் ராஜ்ஜியம். பதிமூன்று வயசு. "மாமா, ஒரு நிமிஷம் இதப் போட்டுப் பாருங்க" என்று தன் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டான்.

அதே பேஸ்மென்ட்தான் தெரிந்தது. அதே சோபா, அத்தான் மடிக்காமல் போட்டிருந்த துணி, அக்காவின் பழைய தையல் மெஷின், எல்லாம் அப்படியே. திடீரென்று எதிர்ச் சுவர் செங்கல் செங்கலாக உடைந்தது. அதற்குப் பின்னால் வேறொரு கிரகம். ஓட்டை வழியாக உள்ளே குதித்த பஞ்சு உருண்டை மாதிரி பிராணிகள், சோபா மேல் ஏறி, தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தன. நான் நிஜமாகவே குனிந்து தேடினேன். அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஹெட்செட்டைக் கழற்றியதும் ஃபோனை நீட்டினான். ஏதோ ஒரு விளையாட்டு. அதில் ஒரு வாள். விலை 180 டாலர். சீக்கிரமே ஹெட்செட்டுக்கும் வரப்போகிறதாம். பிளாக்செயினில் பதிவாகுமாம். "ஃபாரெவர் என்னோடதுன்னு போட்டிருக்கான் மாமா. நீங்க ஐ.டி.தானே, சொல்லுங்க. வாங்கினா அது நெஜமாவே என்னோடதா?"

பிறந்தநாளுக்கு நாங்கள் எல்லோரும் கொடுத்த காசைச் சேர்த்து வைத்திருக்கிறான். அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், இதே கேள்வியை 2021-இல் நான் கேட்காமல் விட்டவன்.

அப்பா கேட்ட மூணு கேள்வி

2021 கடைசியில், எல்லோருக்கும் மெட்டாவெர்ஸ் பைத்தியம் பிடித்திருந்த நேரம். அக்டோபர் 28 அன்று ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டில் 'நிலம்' வாங்கினோம். என் பங்கு 2,400 கனடா டாலர். வீட்டில் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த விளையாட்டை நடத்தியவர்கள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். என் வாலெட்டில் அந்த டோக்கன் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. படம் மட்டும் வருவதில்லை. ஒரு சாம்பல் கட்டம் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசும்போது இந்தக் கதையை அவரிடம் உளறிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக மூணு கேள்வி கேட்டார்.

"பத்திரம் இருக்கால?"

"இருக்குப்பா. யாராலயும் அழிக்க முடியாது."

"பட்டா யாரு பேர்ல?"

"அது... கம்பெனி சர்வர்ல இருந்துச்சு."

"அனுபவத்துல யாரு இருந்தா?"

நான் பேசவில்லை. "பத்திரம் வேற, பட்டா வேற, அனுபவம் வேறல. மூணும் ஒரு கையில இருந்தாத்தான் சொத்து" என்றார்.

ஊரில் நிலம் வாங்கிய எவருக்கும் இது புதிதல்ல. கிரயப் பத்திரம் பதிவு அலுவலகத்தில். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. இரண்டும் இருந்தும், நிலத்தில் உழுதுகொண்டிருப்பவன் வேறொருவன் என்றால் கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டும். பிளாக்செயின் விளையாட்டுகளைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அப்பாவின் இந்தக் கணக்கு எனக்கு உதவியது. ஹெட்செட் வந்ததும் என்ன மாறும், என்ன மாறாது என்பதையும் இதை வைத்தே பார்க்கலாம்.

பத்திரம் மட்டும் இருந்த காலம்

இந்த யோசனைக்கே விதை ஒரு விளையாட்டுதான். எதேரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் நம்ம டொரண்டோ பக்கம் வளர்ந்த பையன். பதின்ம வயதில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெறியர். 2010-இல் அதை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம், அவருக்குப் பிடித்த ஒரு மந்திரத்தின் சக்தியைக் குறைத்துவிட்டது. அன்றைக்கு அழுதுகொண்டே தூங்கியதாகவும், எல்லாம் ஒரே இடத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் என்ன கொடுமை நடக்கும் என்று அப்போது புரிந்ததாகவும் தன்னைப் பற்றிய குறிப்பில் பாதி வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அக்கா மகன் கேட்டதும் அதே கேள்விதான்: நான் சம்பாதித்தது என்னுடையதா, கம்பெனியுடையதா?

2017 நவம்பர் கடைசியில் வான்கூவரிலிருந்து கிரிப்டோகிட்டீஸ் வந்தது. கார்ட்டூன் பூனைகளை வாங்கி, ஜோடி சேர்த்து, குட்டிகளை விற்கலாம். ஒரு பூனை ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. கூட்டம் தாங்காமல் மொத்த எதேரியம் நெட்வொர்க்கும் நெரிசலில் திணறியது. என்.எஃப்.டி.க்கான ஈ.ஆர்.சி. 721 என்ற பொது விதிமுறையும் அந்தக் குழுவிலிருந்து கிளம்பியதுதான்.

அடுத்து வியட்நாமின் ஸ்கை மேவிஸ் உருவாக்கிய ஆக்ஸி இன்ஃபினிட்டி. கொரோனா ஊரடங்கில் பிலிப்பைன்ஸில் தீயாகப் பரவியது. விளையாட மூன்று ஆக்ஸி பிராணிகள் வேண்டும். 2021-இல் அவற்றை வாங்க நூற்றுக்கணக்கான டாலர்கள் தேவைப்பட்டன. காசு உள்ளவர்கள் பிராணிகளை இரவல் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் விளையாடி வருமானத்தில் பங்கு கொடுத்தார்கள். விளையாடுபவருக்கு 'ஸ்காலர்' என்று கௌரவமான பேர். நம்ம ஊரில் இதற்கு வாரத்துக்கு விடுவது என்று பேர்.

விளையாட்டில் கிடைத்த எஸ்.எல்.பி. என்ற டோக்கன் 2021 கோடையில் 35 சென்ட்டைத் தாண்டியது. அடுத்த வருஷம் நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே. புதிதாக வருபவர் போடும் காசுதான் பழையவருக்கு வருமானம் என்ற கணக்கு, புதியவர் வரத்து குறைந்ததும் சரிந்தது. நடுவில் 2022 மார்ச் 23 அன்று அந்த விளையாட்டின் ரோனின் பாலம் கொள்ளை போனது. 60 கோடி டாலருக்கு மேல். ஒன்பது கையெழுத்துச் சாவிகளில் ஐந்து கிடைத்தால் போதும் என்றிருந்ததில் அந்த ஐந்தையும் திருடர்கள் பிடித்துவிட்டார்கள். விஷயம் தெரியவே ஆறு நாள் ஆனது. வட கொரியாவின் லாசரஸ் குழுதான் செய்தது என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது.

இந்தக் காலம் முழுவதும் ஒரு குறை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பத்திரம் இருந்தது, அனுபவம் இல்லை. அந்த விளையாட்டுகளைச் சந்தோஷத்துக்காக விளையாடியவர்கள் ரொம்பக் குறைவு. எக்ஸெல் ஷீட்டுக்குப் பொம்மை சட்டை போட்ட மாதிரி இருந்தது. வாங்கிய 'நிலத்துக்கு' நான் மொத்தமே நாலைந்து முறைதான் 'போயிருப்பேன்'.

ஹெட்செட் தருவது அனுபவம்

மிக்ஸ்டு ரியாலிட்டி மாற்றப்போவது இந்த இடத்தைத்தான். வி.ஆர். நம்மை வேறு உலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். மிக்ஸ்டு ரியாலிட்டியோ அந்தப் பொருளை நம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கேமராக்கள் அறையைப் பார்க்கின்றன, சுவர், தரை, மேசை எங்கே என்று அளந்து ஒரு வரைபடம் போடுகின்றன. அந்த இடத்தில் ஒரு பொருளை ஆணி அடித்த மாதிரி நிறுத்தலாம். இதற்கு ஸ்பேஷியல் ஆங்கர் என்று பேர். நேற்று சுவரில் மாட்டிய வாள், இன்றைக்கு ஹெட்செட்டைப் போட்டாலும் அதே ஆணியில் இருக்கும்.

ஒரு பதிமூன்று வயசுப் பையனுக்கு ஃபோன் திரையில் தெரியும் வாளும், தன் அறைச் சுவரில் தொங்கும், கையால் எடுத்து வீசக்கூடிய வாளும் ஒன்றல்ல. இரண்டாவது 'என்னுடையது'. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அப்படித்தான் தோன்றியது. பிளாக்செயின் பத்து வருஷமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாத உரிமை உணர்வை ஹெட்செட் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது.

எனக்குப் பயம் வருவதும் இங்கேதான். கையில் இருக்கிற உணர்வு வலுவாக இருக்கும்போது, உரிமை யாரிடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2021-இல் என்னிடம் விற்றவர்கள் நிறையப் பேச வேண்டியிருந்தது. நாளைக்கு விற்பவர் பேசவே வேண்டாம், பொருளைச் சுவரில் மாட்டிக் காட்டினால் போதும்.

பட்டா யாரிடம்?

சரி, வாளுக்கான டோக்கன் வாலெட்டில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த டோக்கனில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு எண்ணும், வாளின் விவரம் எங்கே இருக்கிறது என்ற ஒரு முகவரியும்தான். முப்பரிமாண உருவம், அதன் எடை, வீசினால் என்ன ஆகும் என்ற விதி எல்லாம் கம்பெனியின் சர்வரிலும் நிரலிலும். நான் தினமும் பார்க்கிற வேலையை வைத்துச் சொல்கிறேன்: ஒரு விளையாட்டின் வாளை இன்னொரு விளையாட்டுக்குக் கொண்டுபோவது, ஒரு கம்பெனியின் பே ஸ்லிப்பைக் காட்டி இன்னொரு கம்பெனியில் சம்பளம் கேட்பது மாதிரி. அடுத்த விளையாட்டுக்காரர் அதை மதிக்க வேண்டும், அதற்கு நிரல் எழுத வேண்டும். எழுத அவருக்கு என்ன அவசியம்?

அதற்கு மேலே ஹெட்செட் கம்பெனி. கடையில் எந்த ஆப்பை அனுமதிப்பது என்பது அவர்கள் முடிவு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான பெரிய கடையான ஸ்டீம், 2021 அக்டோபரில் கிரிப்டோ, என்.எஃப்.டி. பரிமாற்றம் உள்ள விளையாட்டுகளைத் தடை செய்தது. மைன்கிராஃப்ட் 2022 ஜூலையில் கதவை மூடியது. ஆப்பிள் 2022 அக்டோபரில் ஒரு விதி போட்டது: ஆப்புக்குள் என்.எஃப்.டி. விற்கலாம், ஆனால் அதை வைத்திருப்பதால் ஆப்பில் எந்தப் புது வசதியும் திறக்கக் கூடாது. அதாவது வாள் உன்னுடையதாக இருக்கலாம், ஆனால் அதனால் வெட்டக் கூடாது. அதே வருஷம் ஏப்ரலில் மெட்டா தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸில் பொருள் விற்பவர்களிடம், கடைக் கட்டணம் 30 சதவீதம், அதற்கு மேல் 17.5 சதவீதம், ஆக 47.5 சதவீதம் எடுப்பதாகச் சொன்னது. நூறு ரூபாய்க்கு விற்றால் கைக்கு வருவது 52 ரூபாய் 50 காசு.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெட்டாவின் ஹெட்செட் பிரிவு 2024-இல் மட்டும் 1,770 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. போட்ட காசை எங்காவது எடுத்தாக வேண்டும். இத்தனை செலவு செய்தவர், வாசலில் யாரோ வந்து சுங்கம் இல்லாமல் கடை விரிக்க விடுவாரா?

மார்க்கெட்டும் இன்னும் சின்னது. ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 அமெரிக்க டாலருக்கு வந்தது. குவெஸ்ட் 3எஸ் அதே வருஷம் 299-க்கு வந்தபிறகும், ஃபோன் மாதிரி வீட்டுக்கு நாலு வாங்குகிற பொருளாக ஆகவில்லை. குவெஸ்ட் 3-இன் எடை அரைக் கிலோவுக்கு மேல். அரை மணி நேரத்தில் என் நெற்றியில் கோடு விழுந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியையே 2024-இல் நிறுத்திவிட்டது. எந்த ஹெட்செட் பத்து வருஷம் நிற்கும் என்று தெரியாத சந்தையில் 'ஃபாரெவர்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

விரலைச் சேர்த்தால் கையெழுத்து

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, கையெழுத்து. பிளாக்செயினில் பணம் அனுப்ப வாலெட்டில் சம்மதம் கொடுக்க வேண்டும். ஃபோனில் நிறுத்தி, முகவரியைப் படித்து, பட்டனை அழுத்துவோம். ஹெட்செட்டில் பார்த்து, இரண்டு விரலைச் சேர்த்தால் முடிந்தது. முழு உலகத்தையும் வரைந்து காட்டும் ஒரு ஆப்புக்கு, வாலெட் ஜன்னல் மாதிரியே ஒரு பொய் ஜன்னலை வரைவது பெரிய வேலை இல்லை. விளையாட்டு வேகத்தில் இருக்கும் பையன் எதற்கு விரலைச் சேர்த்தான் என்று அவனுக்கே தெரியாது. பேங்க்கில் என்றால் ஃபோன் பண்ணி நிறுத்தலாம். இங்கே போனது போனதுதான்.

இரண்டாவது, அந்தரங்கம். 2023-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு ஒன்று வந்தது. பீட் சேபர் விளையாடும் 55,000-க்கும் அதிகமானோரின் தலை, கை அசைவுகளை மட்டும் எடுத்து, 100 விநாடி அசைவை வைத்தே ஆளை 94 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்கள். கைரேகை மாதிரி நம் அசைவும் ஒரு ரேகை. பிளாக்செயினோ யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த பேரேடு. வில்லங்கச் சான்றிதழ் மாதிரி, மனு கூடப் போட வேண்டாம். வாலெட் முகவரிக்குப் பின்னால் பேர் இல்லை என்பதுதான் இருந்த ஒரே திரை. அசைவையும் வாலெட்டையும் ஒரே கம்பெனி பார்த்தால் அந்தத் திரையும் போய்விடும். கூடவே வீட்டு அறையின் அளவும் சேரும். இத்தனைக்கும் மெட்டாவில், பெற்றோர் மேற்பார்வையில் பத்து வயசுக் குழந்தைக்கே கணக்கு திறக்கலாம்.

வரியையும் மறக்க வேண்டாம். இங்கே கனடாவில் ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை மாற்றினாலும் வரிக் கணக்கில் அது விற்பனைதான். இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீதம், ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஊரில் இருக்கும் சித்தி மகனுக்கு விளையாட்டாக ஒரு டோக்கன் அனுப்பும் முன் இதை யோசியுங்கள்.

அப்போ எல்லாமே ஏமாற்றா?

இல்லை. அப்படிச் சொன்னால் நானே என் தொழிலுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பத்திரத்தின் பக்கம் நிறைய வேலை நடந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் எதேரியம் சுரங்க முறையைக் கைவிட்டதும் அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2024 மார்ச் மாற்றத்துக்குப் பிறகு துணை நெட்வொர்க்குகளில் ஒரு பரிமாற்றத்துக்குச் சில சென்ட்டுகள்தான் ஆகிறது. ஐந்து டாலர் பொருளை வாங்க ஐம்பது டாலர் கட்டணம் கட்டிய கூத்து முடிந்துவிட்டது.

பட்டா பக்கமும் ஒரு பொது வழி திறந்திருக்கிறது. வெப்எக்ஸ்ஆர் என்று ஒன்று. கடை வழியாகப் போகாமல், ஹெட்செட்டின் பிரவுசரிலேயே முப்பரிமாண விளையாட்டைத் திறக்கலாம். குவெஸ்ட்டில் ஏற்கெனவே உண்டு, விஷன் ப்ரோவிலும் 2024-இன் இரண்டாவது பதிப்பிலிருந்து வந்துவிட்டது. முப்பரிமாண உருவங்களுக்கு ஜி.எல்.டி.எஃப். என்ற பொது வடிவம் இருக்கிறது. ஒரு விளையாட்டு பிரவுசரில் ஓடி, அதன் உருவங்கள் பொது வடிவத்தில் நம் கையிலேயே இருந்து, விதிகளின் நிரலும் திறந்திருந்தால், கம்பெனி மூடினாலும் ரசிகர்கள் அதை ஓட்ட முடியும். அப்போதுதான் பத்திரம், பட்டா, அனுபவம் மூன்றும் ஒரு கைக்கு வரும்.

ஆனால் அப்படிக் கட்டுபவருக்கு லாபம் குறைவு. அதனால் பெரிய கம்பெனிகள் தானாகச் செய்யாது, கேட்கிறவர்கள் கேட்டால்தான் நடக்கும். 'டோக்கன் விலை ஏறுமா' என்று கேட்டுக் கேட்டு 2021-ஐ நாசமாக்கினோம். அடுத்த முறை 'கம்பெனி மூடினால் இது ஓடுமா' என்று கேட்கிற தலைமுறை வந்தால், இந்தத் தொழில்நுட்பம் உருப்படும்.

அக்கா மகனுக்குச் சொன்னது

அன்றைக்கு இரவு சாப்பிட்ட பிறகு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலில் என் வாலெட்டைத் திறந்து அந்தச் சாம்பல் கட்டத்தைக் காட்டினேன். "இது எவ்ளோ மாமா?" என்றான். சொன்னேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் மனைவிக்கு முன்பே தெரியும், ஆனால் முழுத் தொகை அன்றைக்குத்தான் தெரிந்தது. அது வேறு கதை.

பிறகு தாத்தாவின் மூணு கேள்வியை அவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பேப்பரில் எழுதினேன். ஒன்று, இந்த வாளின் உருவத்தை டவுன்லோட் பண்ணி நீ வைத்துக்கொள்ள முடியுமா? இரண்டு, இந்த விளையாட்டை நடத்துபவர் மூடிவிட்டால் வேறு எங்காவது இதை வீச முடியுமா? மூன்று, நாளைக்கு இதன் விலை பூஜ்யம் ஆனாலும் இன்றைக்கு விளையாடின சந்தோஷத்துக்கு 180 டாலர் தகுமா?

அவனே உட்கார்ந்து அந்த விளையாட்டின் விதிமுறைப் பக்கத்தைப் படித்தான். அரை மணி நேரம் ஆனது. "மாமா, எப்ப வேணா நிறுத்துவோம்னு இவனே போட்டிருக்கான். மேல ஃபாரெவர்னு போட்டிருக்கான், கீழ இப்படிப் போட்டிருக்கான்" என்றான். கோபம் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 2021-இல் முப்பது வயசைத் தாண்டிய நாலு இன்ஜினியர்கள் படிக்காத பக்கம் அது.

முதல் இரண்டு கேள்விக்கும் 'இல்லை'. மூன்றாவதுக்கு "இருபது டாலர் தகும்" என்றான். அந்த வாள் வாங்கப்படவில்லை. தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டுச் சொன்னபோது, அவர் ஹெட்செட் என்றால் என்ன என்று கேட்டார். பையன் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினான். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் தாயம் ஆட முடியுமால?"

முடியும் தாத்தா. அதற்கு டோக்கனும் வேண்டாம், வாலெட்டும் வேண்டாம். கோடை விடுமுறைக்குள் பிரவுசரில் ஓடுகிற மாதிரி ஒன்று எழுதலாம் என்று மாமாவும் மருமகனும் ஆரம்பித்திருக்கிறோம். கட்டம் போட்டாச்சு. தாயக்கட்டை மட்டும் இன்னும் சோபாவுக்கு அடியில் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது.